செத்தவர் உட்கார்ந்து வந்த கார்

நீங்கள் பொய் சொன்னீர்கள். உங்கள் அப்பா எங்கள் காரால் சாகவில்லை. செத்த பிறகுதான் அவரை எங்கள் காரில் ஏற்றினீர்கள்.

உங்களுக்கு நேராகவே இதை எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. திருமானூருக்கும் திருமழபாடிக்கும் நடுவில் இருக்கிற உங்கள் ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு யாரென்று தெரியும். மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை, நடந்தது தெரிந்தால் போதும்.

போன மாதம் உங்கள் அப்பா நினைவாக ஊருக்கு ஓர் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த வண்டியில் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் என் தங்கை மகள். அவள் கூப்பிட்டாள் என்று நானும் வந்து பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். "அன்னைக்கு இந்த மாதிரி ஒரு வண்டி இருந்திருந்தா எங்கப்பா பொழச்சிருப்பாரு. ஒரு ஓட்டை வண்டியில ஆட்டி ஆட்டிக் கொண்டாந்து, வூட்டு வாசல்ல பறிகொடுத்தோம்" என்றீர்கள். கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் தன் பேரனிடம், "அது பீரோ காருடா. ஆளைக் கொன்ன காரு" என்றார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அந்தப் பேர் போகவில்லை. அந்தக் காரை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். அவர் செத்தும் போய்விட்டார். சாகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். நான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் குரும்பலூர். அவர் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவன் காட்டில் வேலை செய்தவர்கள். இவர் அந்தக் குடும்பத்தில் முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். பெரம்பலூரில் வெங்காய லோடு அடிக்கிற லாரியில் இருந்தார். ஓய்வு நாளில் டவுனில் ஒரு டாக்டருக்கு கார் ஓட்டுவார். அந்த டாக்டரின் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். குனிய முடியாது. சாதாரணக் காரில் தலையைக் குனிந்து, உடம்பை மடக்கி, உள்ளே நுழைய வேண்டும் அல்லவா? அது அந்த அம்மாவால் முடியவில்லை. டாக்டர் என்ன செய்தார் என்றால், தன்னுடைய சின்னக் காரை லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் விட்டு மேல் பாதியை அறுத்து எடுக்கச் சொன்னார். அதற்கு மேல் தகரத்தில் உயரமாக ஒரு கூண்டு கட்டி ஒட்டினார்கள். சீட்டையும் தூக்கி வைத்தார்கள். அந்த அம்மா காரைப் பார்த்து முதுகைக் காட்டி நின்று, நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பிக்கொண்டால் போதும். அந்த அம்மா போன பிறகு டாக்டருக்கு அந்தக் காரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும் என்று என் வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டார்.

கீழே பார்த்தால் கார். மேலே பார்த்தால் தபால் வேன். நீளம் ஒரு கூண்டு வண்டி அளவு. உயரமோ, பக்கத்தில் நின்றால் என் வீட்டுக்காரரின் தலைப்பாகைக்கு மேலே கூரை. காரின் இடுப்பில் வெல்டிங் வைத்த தழும்பு சுற்றிலும் ஓடும். குடும்பத்தோடு போகிற வண்டிதான், ஐந்து பேர் சௌகரியமாக உட்காரலாம். ஆனால் இது என்ன வண்டி என்று எவனாலும் ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை.

அதை எடுத்துக்கொண்டு அரியலூருக்குக் குடி வந்தோம். அங்கே ரயில் இருக்கிறது, ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்கு வண்டி வேண்டும் என்று இவர் கணக்கு. ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி வரிசையில் கொண்டுபோய் நிறுத்திய முதல் நாளே தகராறு.

"யோவ், இது காரு இல்லய்யா. எங்க வரிசையில காருதான் நிக்கும்."

"ஆர்.சி. புஸ்தகத்துல காருன்னுதாங்க போட்டிருக்கு."

"புஸ்தகத்துல போட்டா ஆச்சா? ஆளப் பாத்தா தெரியலையா? எருமைக்கும் பஸ்ஸுக்கும் பொறந்த மாதிரி இருக்கு."

சரியென்று வேன் நிற்கிற இடத்துக்குப் போனார். அங்கே, "அஞ்சு பேரு ஏர்றதெல்லாம் வேனா? அந்தாண்ட போய்க் காரோட நில்லுண்ணே" என்றார்கள். கடைசியில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாக நிறுத்திக்கொண்டார். பொம்பளைகள் குடம் வைக்க இடமில்லை என்று அங்கேயும் திட்டு வாங்கினார்.

போலீஸ்காரர்களுக்கு வேறு சந்தேகம். மதுவிலக்கு இருந்த காலம். சாராயம் கடத்துகிறவன் காய்கறிக் கூடைக்கு அடியிலும் கடத்துவான், கர்ப்பிணி மாதிரி வயிற்றில் துணி சுற்றியும் கடத்துவான். இவ்வளவு உயரமான கூரையை அவர்கள் சும்மா விடுவார்களா? லத்தியால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள்.

"மேல என்னடா வெச்சிருக்க?"

"காத்துங்க சார்."

"காத்துக்கு எதுக்குடா இம்மாம் எடம்?"

நான் பக்கத்தில் இருந்தால் எனக்குச் சிரிப்பு வரும். இவருக்கு வராது. ஒரு தடவை உள்பக்கத் துணியைக் கிழித்தே பார்த்துவிட்டார்கள். ஒன்றும் கிடைக்காததற்கும் இவரைத்தான் முறைத்தார்கள்.

எனக்கும் அந்தக் கார் மேல் நம்பிக்கை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வளைவில் அது சாயும். தலையில் குடம் வைத்த பொம்பளை ஓடினால் எப்படி இருக்கும், அப்படி. கவிழ்ந்துவிடும் என்று பயந்து நான் கதவைப் பிடித்துக்கொண்டே வருவேன். "கவுராது புள்ள, நான் இருக்கன்ல" என்பார். ஒரு நாளும் கவிழவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தக் காரை முதலில் நம்பியவர்கள் நிறைமாசக்காரிகள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு டாக்ஸிக்குள் குனிந்து நுழைவது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். எங்கள் காரில் குனிய வேண்டாம். ஒருத்தி ஏறினாள், நன்றாகப் பெற்றாள், அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். கொஞ்ச நாளில் கீழப்பழுவூர், திருமானூர், செந்துறைப் பக்கமெல்லாம் பிரசவ கேஸ் என்றால் எங்கள் வீட்டுக்கு ஆள் வரும். கூட வரத் துணை இல்லாத பெண்களுக்கு நான் துணையாகப் போவேன். டாக்ஸிக்காரர்கள் பீரோ என்று கேலி பேசிய காரை அந்தப் பெண்கள் "தலை குனியாத காரு" என்று சொன்னார்கள். எங்களுக்குச் சோறு போட்டது அந்தப் பேர்தான்.

இப்போது உங்கள் ஊர் வழக்கத்துக்கு வருகிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே செத்துப்போன உடம்பை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. எல்லையில் புளியமரத்தடியில் இறக்கி வைத்து, அங்கேயே அழுது, அங்கிருந்தே சுடுகாட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். வீட்டு வாசலைக் காட்டக் கூடாது. மீறினால் ஊருக்குக் கேடு வரும் என்பார்கள். பல ஊர்களில் இப்படி உண்டு. உங்கள் ஊரில் மற்ற ஊர்களைவிடக் கெடுபிடி. அதைக் கெடுபிடியாக வைத்திருந்தவர் உங்கள் அப்பா.

உங்கள் வயலில் நடவு நட்ட ஒரு பெண் அரியலூர் ஆஸ்பத்திரியில் பிரசவத்தில் செத்துப்போனாள். எங்கள் காரில் கூட்டிப்போகவில்லை, அவர்களுக்கு அதற்கு வசதி இல்லை, மாட்டு வண்டியில் போனாள். திரும்ப உடம்பு வந்தபோது ஐப்பசி மழை. புளியமரத்தடியில் கிடத்தியிருந்தார்கள். வீட்டில் வைத்து ஒரு தடவை விளக்கேற்றி எடுத்துப்போகிறோம் என்று அவள் புருஷன் காலில் விழுந்து கேட்டான். உங்கள் அப்பா குடைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வெளிய போன உசுரு வெளியவே போவட்டும்டா. ஊரு இருக்கணுமா வேண்டாமா?" என்றார். என் தங்கையை உங்கள் ஊர்த் தெற்குத் தெருவில் கொடுத்திருந்ததால் அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அந்தச் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியதைப் பார்த்தேன்.

அதற்கு அடுத்த சித்திரையில்தான் நீங்கள் எங்கள் காரைப் பிடித்தீர்கள்.

அன்றைக்குக் காலையில் ஒரு பெண்ணைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நான் துணைக்குப் போயிருந்தேன். அவளை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்து இவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் வரிசையாக டாக்ஸி நின்றது. நீங்கள் அவற்றையெல்லாம் தாண்டி எங்களிடம் வந்தீர்கள். அப்போதே எனக்கு உறுத்தியது. எங்கள் காரை யாரும் முதலில் கேட்க மாட்டார்கள்.

"டிரைவரு, நம்ம பக்கம்தான? அப்பாவை ஊருக்குக் கூட்டிட்டுப் போவணும்."

"வாங்கய்யா. ஒடம்பு தேவலைங்களா?"

"தேவலை. படுத்தாத்தான் மூச்சு முட்டுது. உக்காந்தே வரணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதான் ஒன் வண்டி தோதுப்படும்னு பாத்தேன்."

பிறகு, வண்டியை முன்வாசலில் போட வேண்டாம், பின்பக்கம் கொண்டுவா என்றீர்கள். பின்பக்கத்தில் உங்கள் மச்சான் சக்கர நாற்காலியோடு நின்றார். நர்ஸ் இல்லை. ஆயா இல்லை. மருந்துப் பை இல்லை. ஊருக்குப் போகிற நோயாளிக்கு ஒரு சொம்பு தண்ணீர் கூட எடுத்து வைக்கவில்லை. உங்கள் அப்பாவுக்குக் கழுத்து வரை சால்வை. தாடையைச் சுற்றித் தலையோடு சேர்த்துத் துண்டு கட்டியிருந்தது.

"ஏன் கட்டியிருக்கீங்க?" என்று நான் கேட்டேன்.

"குளிருதாம்" என்றார் உங்கள் மச்சான்.

சித்திரை வெயில். தார் ரோடு செருப்பில் ஒட்டியது. அவருக்குக் குளிருகிறதாம்.

தூக்கி உட்கார வைக்க என் வீட்டுக்காரர் காலைப் பிடித்துக் கொடுத்தார். பிடித்தவர் ஒரு நொடி நின்றார். என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். பின்சீட்டில் நடுவில் உங்கள் அப்பா, இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் மச்சான். வேறு கார் என்றால் செத்த உடம்பைச் சாய்க்க வேண்டும், மடக்க வேண்டும், தலை தொங்கும், பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். எங்கள் காரில் அவர் ராஜா மாதிரி நேராக உட்கார்ந்தார். அதற்காகத்தான் எங்களைத் தேடி வந்தீர்கள். இடுப்பு ஒடிந்த ஒரு தாய்க்காகக் கட்டிய சீட்டு உங்களுக்கு இதற்குப் பயன்பட்டது.

நான் முன்சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். மூச்சு முட்டுகிற ஆளுக்கு ஜன்னலைத் திறப்பார்களா, மூடுவார்களா? நீங்கள் மூடினீர்கள். வளைவில் கார் சாயும்போதெல்லாம் அவர் உங்கள் மேல் சாய்ந்தார். தோளால் தள்ளி நிமிர்த்தினீர்கள். ஒரு பள்ளத்தில் எல்லாரையும் தூக்கிப் போட்டது. மச்சான் "அம்மாடி" என்றார். நான் "முருகா" என்றேன். உங்கள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டு மந்தை குறுக்கே வந்ததற்கே ஊரைக் கூட்டித் திட்டுகிற மனிதர் அவர்.

லால்குடிப் பக்கம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பொம்பளை ஒருத்தி கூடையோடு வந்தாள். எங்கள் கார் ஜன்னல் உயரம் என்பதால் அவள் குதிகாலைத் தூக்கி உள்ளே பார்த்தாள். "பெரியவருக்கு ஒரு பிஞ்சு குடுங்க தம்பி, வெயிலுக்குக் குளுகுளுன்னு" என்று கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. உங்கள் அப்பாவின் கண்ணோரத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. இமை ஆடவில்லை. அவள் கையை இழுத்துக்கொண்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த வண்டிக்குக் கூடப் போகாமல் நடையைக் கட்டினாள்.

கார் கொதித்துவிட்டது என்று சொல்லி இவர் பானெட்டைத் திறக்க இறங்கினார். நானும் இறங்கினேன். பானெட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பேசினோம்.

"ஏங்க, அந்தாளு செத்துப்போயிட்டாரு."

"தெரியும். மெதுவா பேசு."

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"ஏத்தும்போதே. காலு சில்லுனு இருந்துச்சு."

"அப்பறம் எதுக்கு ஏத்துனீங்க? எறக்கி விடுங்க."

"எங்க எறக்குறது? இந்தக் கேட்லயா?"

"அவங்க ஊரு கட்டுப்பாடு தெரியுமில்ல? நாளைக்கு நம்ம தலையில வந்து விடியும்."

"தெரியும் புள்ள. நீ போய் உக்காரு."

கேட் திறந்தது. கிளம்பினோம். புள்ளம்பாடியைத் தாண்டினோம். பிறகு நீங்களே வாயைத் திறந்தீர்கள். உங்கள் குரல் உடைந்திருந்தது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. "டிரைவரு, நீ புரிஞ்சுகிட்டிருப்ப. எங்கப்பாவப் புளியமரத்தடியில போட முடியாது. அவரு கட்டுன வூடுய்யா அது. வாசல்ல எறக்கிட்டா போதும். எல்லையில கேட்டா உசுரு இருக்குன்னு மட்டும் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. ஒனக்கு இதுல ஒண்ணும் இல்ல, ஒன்ன நம்புவாங்க. காலத்துக்கும் மறக்க மாட்டேன்."

இவர் ரோட்டைப் பார்த்தபடியே, "சரிங்க" என்றார். அவ்வளவுதான் வாக்கு. வாடகைக்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை, நீங்களும் கொடுக்கவில்லை.

புளியமரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் நின்றிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மோசமாக இருக்கிறார் என்று தகவல் வந்திருந்தது. அவர்களுக்கும் சந்தேகம் இருந்தது, இல்லாவிட்டால் எல்லையில் வந்து எதற்கு நிற்கிறார்கள்? காரை மறித்தார்கள்.

"உசுரு இருக்கா?"

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

"டிரைவர் தம்பி, நீ சொல்லு. உசுரு இருக்கா?"

"இருக்குங்க. தூங்குறாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். அப்போது உங்கள் மச்சானின் கை சால்வைக்குப் பின்னால் போனதை நான் பார்த்தேன். பிடரியைப் பிடித்து அழுத்தினார். உங்கள் அப்பாவின் தலை தோளோடு சேர்ந்து ஒரு தடவை முன்னும் பின்னும் போய்வந்தது.

"ஐயா தலையாட்டுறாரு பாரு, விடுங்கப்பா" என்று நகர்ந்தார்கள்.

வீட்டு வாசலில் இறக்கினார்கள். இறக்கும்போது நடந்ததுதான் எனக்குச் சாட்சி. இப்போதுதான் உயிர் போன உடம்பு ஈரத்துணி மாதிரி இருக்கும். உங்கள் அப்பா காரில் எப்படி உட்கார்ந்திருந்தாரோ, வெளியிலும் அப்படியே உட்கார்ந்திருந்தார். முட்டி நீளவில்லை. நாற்காலியைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே போன உடனே நீங்கள், "தண்ணி கேட்டாரே, ஒரு வாய் குடிச்சாரே, போயிட்டாரே" என்று கத்தினீர்கள். அவரைக் குளிப்பாட்டிய கைகளுக்குத் தெரியாதா? காலை நீட்ட எத்தனை பேர் முட்டியை அழுத்தியிருப்பார்கள்? உங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அன்றைக்கே தெரியும். யாரும் கேட்கவில்லை. புளியமரத்தடியில் நடவுக்காரியைக் கிடத்தியபோது எல்லாருக்கும் சட்டம் தெரிந்திருந்தது.

திரும்பி வரும்போது நான் இவரிடம் சண்டை போட்டேன். "அந்தப் பொண்ணு மழையில கெடந்தப்ப எவனாவது பொய் சொன்னானா? இவனுக்கு மட்டும் நீங்க எதுக்குச் சொல்லணும்?"

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் சொன்னார். "அந்தப் பொண்ணு என் வண்டியில வந்திருந்தா அவளுக்கும் இருக்குன்னுதான் சொல்லியிருப்பேன். ஏறுனவன வூட்டு வாசல்ல எறக்கி வுடணும். நடுவழியில எறக்குறவன் டிரைவரா?"

அவர் அப்படிப்பட்ட ஆள். எனக்கு அது அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் அப்படித்தான்.

அதன் பிறகு உங்களுக்கு வீட்டில் பிரச்சினை வந்தது. உங்கள் தம்பியும் அக்காவும், வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவரை ஏன் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தாய், யாரைக் கேட்டுக் கூட்டி வந்தாய் என்று கருமாதிப் பந்தலில் பிடித்துக்கொண்டார்கள். செத்த பிறகுதான் கூட்டி வந்தேன் என்று உங்களால் சொல்ல முடியாது. சொன்னால் கட்டுப்பாட்டை மீறியது வெளியில் வரும். உங்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. எங்களைப் பிடித்துக்கொண்டீர்கள். "நல்லாத்தான் வந்தாரு. அந்தப் பீரோ வண்டி ஆட்டுன ஆட்டுல உசுரு போயிருச்சு. டிரைவருக்கும் ஓட்டத் தெரியல" என்றீர்கள்.

அது ஒரே வாரத்தில் அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. டாக்ஸிக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா? இவர் உங்களைத் தேடி உங்கள் களத்துமேட்டுக்கு வந்தார். நானும் கூட வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? எங்களை நிற்க வைத்தே பேசினீர்கள்.

"ஐயா, என் வண்டியில செத்தாருன்னு சொல்றீங்களாமே."

"வண்டியிலன்னு சொல்லல. வண்டியாலன்னு சொன்னேன்."

"ஒங்களுக்கு உண்மை தெரியுங்க."

"என்ன உண்மை? எல்லையில ஊரு முன்னாடி உசுரு இருக்குன்னு சொன்னது யாரு? நானா, நீயா?"

நீங்களே மேலே பேசினீர்கள்.

"பொய் சொன்னேன்னு இப்ப போய்ச் சொல்லு. பொணத்த ஏத்துன வண்டின்னு ஆவும். பொணத்த ஊருக்குள்ள கொண்டாந்த வண்டின்னு ஆவும். கொளுத்திப்புடுவானுங்க. எது ஒனக்கு வசதின்னு பாத்துக்க."

நான் சும்மா இருக்கவில்லை. "காலத்துக்கும் மறக்க மாட்டேன்னு சொன்ன வாயிதான இது?" என்று கேட்டேன். "பொம்பளய அடக்கி வையி டிரைவரு" என்று சொல்லிவிட்டு நெல் தூற்றுகிற ஆட்களைப் பார்க்கப் போய்விட்டீர்கள்.

இப்போது எல்லாருக்கும் புரியும் என்று நினைக்கிறேன். உங்களுக்காகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வைத்தே அவர் வாயைக் கட்டினீர்கள், உங்கள் அப்பாவின் தாடையைக் கட்டிய மாதிரி.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஆள் வருவது குறைந்தது. ஒரு நாள் பக்கத்துத் தெருவிலேயே ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது. இவர் காரைத் துடைத்துக் கிளப்பிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினார். அவள் மாமியார் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "ஆளக் கொன்ன வண்டியில எம் மருமவள ஏத்த மாட்டேன். அந்தாண்ட எடு." அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அதுல குனிய வேணாம் அத்தை" என்று அழுதாள். மாட்டு வண்டியில்தான் கொண்டுபோனார்கள். நல்லபடியாகப் பெற்றாள். நல்லபடியாகப் பெற்றதும் எங்களுக்கு எதிராகவே போனது. பார், அந்தக் காரில் ஏறாததால் பிழைத்தாள் என்றார்கள்.

சும்மா நின்ற காரைப் பார்த்துப் பார்த்து இவர் பேச்சே குறைந்துவிட்டது. கடைசியில் பெரம்பலூரில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் அடுத்தவன் லாரிக்குப் போனார். வாங்கியவர் கூரையை அறுத்துத் திறந்த வண்டியாக்கி வெங்காய மூட்டை ஏற்றினார். துறைமங்கலத்தில் அதை எதிரில் பார்த்ததாக இவர் ஒரு நாள் வந்து சொன்னார். "தலைய வெட்டிட்டானுவ புள்ள" என்றார். அதற்கு மேல் அந்தக் காரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. நான் பால்வாடியில் ஆயாவாகச் சேர்ந்து பிள்ளைகளைக் காப்பாற்றினேன். அவர் சாகும்போது கூட, "அதச் சொல்லட்டுமாங்க?" என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அவர் வேண்டாம் என்றார் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். நீங்களும் சும்மா இருந்திருந்தால் இப்படியே போயிருக்கும். நீங்கள் மைக்கைப் பிடித்து, கைதட்டல் வாங்கி, மறுபடியும் அவரைக் கொலைகாரன் ஆக்கினீர்கள். வெள்ளை வண்டி ஒன்றை நிறுத்தி வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்று சொன்னீர்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியில் செத்த உடம்பு உங்கள் ஊருக்குள் வந்தது, வீட்டுக்குள் வந்தது. ஊருக்கு என்ன ஆயிற்று? அந்த வருஷமும் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தது. நெல் விளைந்தது. கல்யாணம் நடந்தது. ஒரு கேடும் வரவில்லை. அப்படியென்றால் அந்தப் பெண்ணை ஏன் மழையில் கிடத்தினீர்கள்? அந்தக் கட்டுப்பாடு இன்னும் இருக்கிறதாம், தங்கை மகள் சொல்கிறாள். உங்கள் ஆம்புலன்ஸ் உயிரோடு இருக்கிறவர்களைக் கொண்டுபோக மட்டும்தானாம், திரும்பி வருகிற உடம்புக்கு இன்னும் அதே புளியமரமாம்.

நான் வழக்குப் போட மாட்டேன். எனக்கு எதுவும் கொடுக்க வேண்டாம், கொடுத்தாலும் வாங்க மாட்டேன். ஆள் விட்டுப் பேச வேண்டாம். என் வீட்டுக்கு வந்து தனியாக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், கதவைத் திறக்க மாட்டேன். அதே இடத்தில் பந்தல் போடுங்கள். அதே மைக்கை வையுங்கள். உங்கள் மச்சான் உயிரோடுதான் இருக்கிறார், அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கை தட்டிய எல்லாரையும் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன், இந்தத் தடவை முன்வரிசையில் உட்காருவேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்: ஆஸ்பத்திரிப் பின்வாசலில், சித்திரை வெயிலில், உங்கள் அப்பாவின் தாடையைத் துண்டால் எதற்குக் கட்டினீர்கள்?